ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்ல தம்பி, அதுக்கப்புறம் வர்ற மாசங்களுக்கு சேர்த்து வைங்க

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாத்துக்கோங்க. உங்களுக்கு 38, ஓசூர்ல வேலை, வொய்ஃபும் வேலைக்குப் போறாங்க. அப்பா 72, ஸ்டென்ட் வெச்சிருக்கு, கும்பகோணத்துல சொந்த வீட்ல அம்மாவோட இருக்கார், அம்மாவுக்கு 67, சுகர் மட்டும்தான். பென்ஷன்னு பேருக்கு இபிஎஸ்ல, அதாவது பிஎஃப் ஆபீஸ் தர்ற பென்ஷன்ல, 3,100 வருது, எஃப்டி 28 லட்சம், அத்தனையும் அப்பா பேர்ல மட்டும். அக்கா திருப்பூர்ல. பெத்தவங்க முதுமைக்குன்னு 50 லட்சம் தனியா வேணும்னு யாரோ பயமுறுத்தி விட்டிருக்காங்க, அது நிஜமா, எந்த இன்சூரன்ஸ் எடுக்கறது, வீட்டை இப்பவே வித்துடலாமா, அப்புறம் இதைப் பத்தி பேச்செடுத்தாலே அப்பா கோவப்படறாரே என்ன பண்றது. இவ்வளவுதானே.

நான் 31 வருஷம் பேங்க்ல இருந்துட்டு ரிட்டயர் ஆனவ, திருச்சி பக்கம். கவுன்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்தாச்சு, ஏன்னா 2015-ல என் மாமியார் ஸ்ட்ரோக் வந்து விழுந்தாங்க, 2021-ல போய்ச் சேர்ந்தாங்க, நடுவுல ஆறு வருஷம் வீட்லதான் வெச்சு பாத்தோம். அந்த ஆறு வருஷ நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு, அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆஸ்பத்திரில 11 நாள் இருந்தாங்க, பில்லு 2.4 லட்சம். அதுல பெரும்பகுதி என் ஆபீஸ் மெடிக்கல்ல வந்துடுச்சு. நாங்க எல்லாரும் ‘அப்பாடா தப்பிச்சோம்’னு மூச்சு விட்டோம், செலவு அங்கதான் முடிஞ்சுதுன்னு நெனச்சோம். மொத வருஷம் வீட்டுச் செலவு மாசம் சராசரியா 12,000 ஆச்சு, அடுத்த வருஷம் 14,000, அப்புறம் 18,000, மறதி அதிகமாகி ராத்திரிக்கும் ஆள் போட்டப்போ 24,000, அப்புறம் 28,000, கடைசி வருஷம் 31,000. கூட்டிப் பாருங்க, 15 லட்சத்தைத் தாண்டுது. எந்த இன்சூரன்ஸும் அதுல அஞ்சு பைசா தரலை. ஐசியூவுக்கு பயந்து பயந்து நாம சேக்கறோம், ஆனா குடும்பத்தை சொட்டு சொட்டா காலி பண்றது டயப்பரும் ஆள் சம்பளமும்தான்.

இதுல இன்னொரு கணக்கு நோட்டுலயே ஏறலை. என் ஓரகத்தி ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், 18,000 சம்பளம். மாமியாரைப் பாத்துக்க யாராவது வீட்ல இருந்தாகணும்னு அவதான் வேலையை விட்டா, எனக்கு சம்பளம் ஜாஸ்தி அதனால நான் விடலை, அப்படித்தான் முடிவாச்சு, யாரும் உக்காந்து பேசி முடிவெடுத்ததுகூட இல்ல. ஆறு வருஷத்துக்கு 18,000 போட்டீங்கன்னா கிட்டத்தட்ட 13 லட்சம், பிஎஃப், இன்கிரிமென்ட் எல்லாம் விட்டுட்டு. மாமியார் போனதுக்கப்புறம் செலவுக் கணக்கு பாத்து பங்கு பிரிக்கும்போது கொழுந்தனார் பணமா கொடுத்தது கம்மின்னு ஒரு பேச்சு வந்துச்சு பாருங்க, அன்னிக்கு அவ ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போனா. இன்னிக்கும் எனக்கு அது உறுத்தல்தான். உங்க வீட்ல வொய்ஃபோ அக்காவோ வேலையை விடற நிலைமை வந்தா அந்தச் சம்பளத்தையும் செலவுல எழுதுங்க, மொத நாள்லேர்ந்து எழுதுங்க. ஒடம்பால உழைக்கறவங்ககிட்ட பணத்துலயும் சரிபாதி கேக்காதீங்க.

சரி, இப்ப எவ்வளவு ஆகும். உங்க ஊர்ப் பக்கம் படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு ஏஜென்சி மூலமா 24 மணி நேரம் தங்கற ஆள் போட்டா 20,000-லேர்ந்து 25,000 கேக்கறாங்க, ஓசூர், சென்னைல இன்னும் மேல. வேலைக்கு வர்ற அந்த ஆளுக்கு சாப்பாடு நம்ம வீட்லதான், அது ஒரு 3,000. டயப்பர் ஒண்ணு 35 ரூபான்னு வெச்சுக்கோங்க, நாளைக்கு மூணு, மாசம் 3,150. அன்டர்பேட், க்ளவுஸ், வைப்ஸ் ஒரு ஆயிரம். மாத்திரை 3,000, 4,000. ஆரம்ப மாசங்கள்ல பிசியோ ஒரு தடவைக்கு 500. ஆக 30,000-க்கு கொறையாது, இது அவங்க ரெண்டு பேரோட வழக்கமான சாப்பாடு கரன்ட் பால் செலவுக்கு மேல. ஏஜென்சில ‘சிஸ்டர் அனுப்பறோம்’னு சொல்வாங்க, வர்றவங்க நர்சிங் படிச்சிருக்க மாட்டாங்க, முக்கால்வாசி ரெண்டு வாரம் ட்ரெய்னிங் எடுத்தவங்கதான். அது தப்புன்னு சொல்லலை, தூக்கி உக்கார வெக்க, குளிப்பாட்ட அவங்களே போதும், ஆனா மூக்குல ட்யூப், கதீட்டர்னு வந்துட்டா படிச்ச நர்ஸ் வேணும், அப்ப ரேட்டே வேற. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போயிடுவாங்க, பதில் ஆள் தர்றோம்னு அக்ரிமென்ட்ல இருக்கும், வரமாட்டாங்க. அந்த பத்து நாளுக்கு யார் லீவு போடறதுங்கறதும் பிளான்ல ஒரு பகுதிதான்.

செலவைக் குறைக்கிற வழி கொஞ்சம் இருக்கு. ஏர் பெட் 4,000 ரூபாய்க்குள்ள கிடைக்கும், மொத வாரமே வாங்கிடுங்க, படுக்கைப் புண் வந்துட்டா டிரெஸ்ஸிங்குக்கு அதைப் போல பல மடங்கு போகும், நாங்க ரெண்டு மாசம் தள்ளிப்போட்டு அனுபவிச்சோம். கட்டில், வீல்சேர் எல்லாம் புதுசு வாங்காதீங்க, வாடகைக்கு கிடைக்கும், பல ஊர்ல ரோட்டரி, லயன்ஸ் கிளப்ல இரவலாவே தர்றாங்க, கேட்டுப் பாருங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருது, படுத்திருக்கறவங்களுக்கு பிசியோவும் வலி நிவாரண கவனிப்பும் அதுலயே உண்டு, ஏழைங்களுக்குத்தான்னு நெனச்சு நம்ம மாதிரி ஆளுங்க கேக்கறதே இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுத்து வைங்க. ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகம் ரெண்டுலயும் ஜெனரிக் மாத்திரை வாங்கினா மருந்து செலவு நல்லாவே இறங்கும், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க.

இன்சூரன்ஸ் கேட்டீங்க. மொதல்ல ஒண்ணு தெளிவா மனசுல வாங்கிக்கோங்க, ஹெல்த் இன்சூரன்ஸுங்கறது ஆஸ்பத்திரில படுத்தாத்தான். பாலிசில ‘டொமிசிலியரி’ன்னு ஒரு வரி இருக்கும், வீட்ல பாத்தாலும் தருவாங்கன்னு ஏஜென்ட் சொல்வாரு, அது ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போக முடியாத நிலைமைல இல்ல பெட் கிடைக்காதப்போ வீட்ல நடக்கற வைத்தியத்துக்கு, குளிப்பாட்டி சோறு ஊட்டற ஆளுக்கு சம்பளம் தர்றதுக்கு இல்ல. வெளிநாட்ல லாங் டெர்ம் கேர்னு தனி பாலிசி உண்டு, நம்ம நாட்ல அந்த வழி கிட்டத்தட்ட கிடையாதுன்னே வெச்சுக்கோங்க.

அதுக்காக ஹெல்த் பாலிசி வேண்டாம்னு சொல்லலை. 65-க்கு மேல புதுசா பாலிசி தரமாட்டேன்னு சொல்ற வயசு வரம்பை 2024 ஏப்ரல்லேர்ந்து எடுத்துட்டாங்க, பழைய வியாதிக்கு வெயிட்டிங் அதிகபட்சம் 3 வருஷம்னு ஆக்கிட்டாங்க, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அதனால அம்மாவுக்கு இந்த மாசமே எடுங்க, சுகரை மறைக்காம எழுதி எடுங்க, 70-ல அவங்களுக்கு வெயிட்டிங் முடிஞ்சிருக்கும். அப்பா விஷயம் வேற. ஸ்டென்ட் வெச்ச 72 வயசுக்காரருக்கு வரம்பை எடுத்தாலும் கம்பெனி மாட்டேன்னு சொல்லலாம், தந்தாலும் பிரீமியம் கண்ணைக் கட்டும், கூடவே 20 சதவீதம் கோ-பேன்னு நம்ம தலைல ஒரு பங்கு. ரெண்டு மூணு இடத்துல கேளுங்க, வருஷம் 50,000-க்கு மேல போச்சுன்னா நான் விட்டுடுவேன், அந்தப் பணத்தை தனியா ஒரு எஃப்டில போட்டுட்டு வருவேன். எழுபது வயசு தாண்டின எல்லாருக்கும் வருமான வரம்பு இல்லாம ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்னு ஆயுஷ்மான் பாரத்ல 2024 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சுது, அது கும்பகோணம் பக்கத்து ஆஸ்பத்திரில எப்படி நடக்குதுன்னு நேர்ல போய் விசாரிங்க. முதலமைச்சர் காப்பீடு வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கறவங்களுக்கு, எஃப்டி வட்டியே அதைத் தாண்டிடும் உங்க அப்பாவுக்கு. உங்க ஆபீஸ் குரூப் பாலிசில அவங்க ரெண்டு பேரும் இருந்தா நல்லது, ஆனா வேலை மாறின அன்னிக்கு அது போயிடும், அதை மட்டும் நம்பாதீங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வர்ற விஷயம். கவுன்டர்ல உக்காந்து நான் பாத்த அழுகைல பாதி பணம் இல்லாததால வந்தது இல்ல, பணம் இருந்தும் எடுக்க முடியாததால வந்தது. ஒரு பையன் வந்தாரு, அப்பா பேர்ல மட்டும் 14 லட்சம் எஃப்டி, அப்பா ஸ்ட்ரோக் வந்து நினைவில்லாம கிடக்காரு. ‘நான்தான் மேடம் நாமினி’ன்னு சொல்றாரு. நாமினிங்கறது ஆள் போனதுக்கப்புறம்தான், உயிரோட இருக்கறவரைக்கும் அது செல்லாக்காசு. கை நடுங்குது, கையெழுத்து வரலைன்னா வழி இருக்கு, கைநாட்டு, அதுவும் முடியலைன்னா கால் கட்டைவிரல் ரேகைகூட ரெண்டு சாட்சி வெச்சு எடுத்துக்கலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அதுல ஒரு சாட்சி பேங்க் ஆளா இருக்கணும், எங்க ஆபீசரை வீட்டுக்கே அனுப்பியிருக்கேன். ஆனா எதுக்கு ரேகை வெக்கறோம்னே தெரியாத நிலைமைல இருக்கறவர் விரலைப் பிடிச்சு ஒத்தி எடுக்க நான் எப்படி சம்மதிக்க முடியும்? அந்தப் பையன் வட்டிக்கு வாங்கி வைத்தியம் பாத்தாரு, சொந்தப் பணம் எங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா தூங்கிட்டிருந்துச்சு.

பவர் ஆஃப் அட்டர்னி இருக்கேன்னு நினைக்காதீங்க. பவர் எழுதிக் கொடுத்தவரு புத்தி சுவாதீனம் இழந்துட்டா அந்த பவர் செத்துப்போச்சு, நம்ம காண்ட்ராக்ட் சட்டம் அப்படி. எப்ப தேவையோ அப்பத்தான் அது வேலை செய்யாது. அதுக்கப்புறம் கார்டியனா நியமிக்கச் சொல்லி ஹைகோர்ட் வரைக்கும் போகணும், வக்கீல் ஃபீஸும் மாசக்கணக்குல அலைச்சலும். இது எல்லாத்தையும் இப்ப ஒரு நாள் பேங்குக்குப் போனா தவிர்க்கலாம்.

சேவிங்ஸ் அக்கவுன்ட்டை அப்பா, அம்மா பேர்ல ‘ஐதர் ஆர் சர்வைவர்’னு மாத்துங்க, அதாவது ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம், ஒருத்தர் போயிட்டா மத்தவர் எடுக்கலாம், முடிஞ்சா உங்களையோ அக்காவையோ மூணாவது பேரா ‘எனிஒன் ஆர் சர்வைவர்’ல சேர்த்துடுங்க. உங்க பேர் வந்தா அக்காகிட்ட அன்னிக்கே சொல்லிடுங்க, அக்கா பேர் வந்தா உங்க வொய்ஃப்கிட்ட. எஃப்டில ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. ஐதர் ஆர் சர்வைவர்னு இருந்தாலும் மெச்சூரிட்டி தேதிலதான் யாராவது ஒருத்தர் வாங்கலாம், நடுவுல உடைக்கணும்னா பொதுவா ரெண்டு பேர் கையெழுத்தும் கேப்போம். அதனால பெரிய தொகையா அஞ்சு வருஷம் பூட்டி வெக்காம ஒரு லட்சம் ஒரு லட்சமா, மூணு மாசத்துக்கு ஒண்ணு முடியற மாதிரி போடுங்க. போடும்போதே ஒருத்தர் இறந்துட்டா இன்னொருத்தர் நடுவுல எடுக்கலாம்னு மேன்டேட் எழுதிக் கொடுத்துடுங்க, ஒரு ஃபார்ம்தான். லாக்கரும் அப்பா பேர்ல மட்டும் இருந்தா அதையும் சேர்த்தே மாத்துங்க.

28 லட்சத்தை நான்னா எப்படி வெப்பேன்னு சொல்றேன். சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல அப்பா பேர்ல 12 லட்சம், அம்மா பேர்ல 12 லட்சம். ஒருத்தருக்கு 30 லட்சம் வரைக்கும் போடலாம், இப்ப வட்டி 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். ரெண்டும் சேர்த்து மூணு மாசத்துக்கு 49,200, மாசத்துக்குன்னா 16,400. பென்ஷனோட சேர்த்தா 19,500, கும்பகோணத்துல சொந்த வீட்ல ரெண்டு பேருக்கு இப்போதைக்கு ஓடிடும். வட்டி அந்த ஜாயின்ட் சேவிங்ஸ்லயே விழற மாதிரி பண்ணுங்க. மிச்சம் 4 லட்சம் நான் சொன்ன சின்னச் சின்ன எஃப்டி. ஏன் அம்மா பேர்ல பாதின்னு கேப்பீங்க. அஞ்சு வயசு சின்னவங்க, நம்ம வீடுகள்ல பெரும்பாலும் அம்மாக்கள்தான் கடைசில தனியா இருக்காங்க, அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த 3,100 பென்ஷன் அம்மாவுக்கு பாதியாகி 1,550 வரும், அவ்வளவுதான். எல்லாரும் அப்பா நோயைப் பத்தியே யோசிக்கறோம், அதுக்கப்புறம் அம்மா இருக்கப்போற பத்து வருஷத்தை யாரும் கணக்குல சேர்க்கறதில்ல. அம்மா பேருக்கு மாத்தினாலும் வருமான வரிக்கு அது அப்பா கணக்குலதான் சேரும், உங்க கேஸ்ல மொத்த வருமானமே கம்மி அதனால வரி பத்தி பயம் வேண்டாம். எல்லாத்தையும் ஒரே பேங்க்ல வெக்காதீங்க, பேங்க் திவாலானா டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம்தான். கூடுதல் அரை சதவீத வட்டிக்கு ஊர்ப் பக்க ஃபைனான்ஸ்ல போடலாம்னு அப்பாவோட ஃப்ரெண்ட் யாராவது சொன்னா, நடுவுல நின்னு தடுங்க, சண்டை வந்தாலும் பரவாயில்ல.

இன்னொண்ணு, இது நம்ம ஆளுங்களுக்கு கசக்கும். அசலைத் தொடக்கூடாதுன்னு ஒரு வீம்பு நமக்கு உண்டு, வட்டில வாழ்ந்துட்டு அசலை அப்படியே புள்ளைங்களுக்கு விட்டுட்டுப் போகணும்னு. அவங்க காசு அவங்க ஒடம்புக்குத்தான். படுக்கைன்னு ஆயிட்டா அந்த 12 லட்சத்தை உடைங்க. போட்டு ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா பிடித்தம் ஒரு சதவீதம்தான், 12,000 போனா போகட்டும். என் மாமனார் விட்டுட்டுப் போன 9 லட்சத்தை என் வீட்டுக்காரர் மூணு வருஷம் தொடவே விடலை, ‘அம்மா பணம், அப்படியே இருக்கட்டும்’னு சொல்லிட்டு எங்க பொண்ணு காலேஜுக்கு வெச்சதை எடுத்தார். அதுல என்ன பெருமை இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியலை.

50 லட்சம் கதைக்கு வர்றேன். அவ்வளவு வேண்டாம், ஆனா சும்மாவும் இருக்க முடியாது. நீங்க மாசம் 15,000 ஆர்டில, அதாவது மாசாமாசம் கட்டற ரெக்கரிங் டெபாசிட்ல, போட்டீங்கன்னா 7 சதவீதத்துல ஆறு வருஷத்துல 13 லட்சம் சொச்சம் வரும். ஆனா ஆள் சம்பளம் வருஷம் 8 சதவீதம் ஏறுதுன்னு வெச்சா இன்னிக்கு 30,000 ஆறு வருஷம் கழிச்சு 47,000-க்கு மேல. அப்ப அந்த 13 லட்சம் ரெண்டேகால் வருஷத்துக்குத்தான் தாங்கும். அதுக்கப்புறம் அப்பா அம்மா அசல், அதுக்கப்புறம் வீடு. இந்த வரிசை எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா போதும், 50 லட்சம்னு ஒரு நம்பரை வெச்சுகிட்டு தூக்கம் கெட வேண்டியதில்ல. சம்பளம் ஏறும்போது ஆர்டியையும் ஏத்துங்க. உங்க பிஎஃப், பென்ஷனுக்குச் சேக்கற என்பிஎஸ் ரெண்டையும் மட்டும் தொடாதீங்க, வைத்தியத்துக்கு பிஎஃப் அட்வான்ஸ் சுலபமா தர்றாங்க அதான் ஆபத்து. நீங்க உங்க முதுமைக்காசை எடுத்து இப்ப செலவு பண்ணிட்டா 30 வருஷம் கழிச்சு இதே கேள்வியை உங்க பையன் கேட்டுட்டு நிப்பான். பழைய டாக்ஸ் ரெஜிம்ல இருந்தீங்கன்னா பாலிசி இல்லாத அப்பாவோட மருத்துவச் செலவை நீங்க கட்டினாலும் 50,000 வரைக்கும் உங்க வருமானத்துலேர்ந்து கழிச்சுக்கலாம், ரொக்கமா கொடுக்காம யுபிஐ, கார்டுன்னு கொடுத்திருக்கணும்.

வீட்டை விக்காதீங்க. 70 வயசுல சொந்தத் திண்ணையை விட்டுட்டு ஓசூர் அபார்ட்மென்ட்ல ஒக்கார வெச்சா ஆறு மாசத்துல மனுஷன் சுருங்கிடுவாரு, செலவு அதுலயே ஆரம்பிச்சுடும். மாடில போர்ஷன் இருந்தா வாடகைக்கு விடுங்க, பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத தரை போடுங்க, எங்க மாமியார் மொத தடவை விழுந்தது பாத்ரூம்லதான். பத்திரமும் பட்டாவும் அப்பா பேர்ல இருக்கா, இல்ல தாத்தா பேர்லயே நிக்குதான்னு இப்ப பாருங்க, அவசரத்துல விக்க நினைச்சா அப்பத்தான் சித்தப்பா பெரியப்பா பசங்க கையெழுத்தெல்லாம் தேவைப்படும். உங்க பேருக்கு செட்டில்மென்ட் எழுதித் தர்றேன்னு அப்பாவே சொன்னாலும் வாங்காதீங்க. உங்களை நம்பாம சொல்லலை, நான் பாத்ததை வெச்சு சொல்றேன். உயில் எழுதட்டும், அதை எப்ப வேணா மாத்தலாம், பத்திரம் மாத்த முடியாது. எழுதியே ஆகணும்னா ஆயுள் வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் அனுபவிக்கிற உரிமையும், பாத்துக்கணுங்கற நிபந்தனையும் பத்திரத்துலயே எழுத்தா வரணும். 2007 சட்டத்துல பிரிவு 23 இருக்கே, கவனிக்காத புள்ளைங்ககிட்டேர்ந்து சொத்தைத் திரும்ப வாங்கறது, அந்த நிபந்தனை வரி இருந்தாத்தான் அது சுலபமா நடக்கும். அதே சட்டத்துல ஜீவனாம்சம் கேக்கலாம், வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு, ஆனா உச்சவரம்பு மாசம் 10,000, ஆள் சம்பளத்துல பாதிக்கு மேல வராது.

ரிவர்ஸ் மார்ட்கேஜ்னு 2007-லேர்ந்து ஒண்ணு இருக்கு. 60 தாண்டினவங்க குடியிருக்கற சொந்த வீட்டை வெச்சு பேங்க் மாசாமாசம் பணம் கொடுக்கும், அவங்க ரெண்டு பேரும் இருக்கறவரைக்கும் திருப்பிக் கட்ட வேண்டாம், வீட்டை விட்டு வெளியேத்த முடியாது, அப்புறம் வாரிசு கடனைக் கட்டிட்டு வீட்டை மீட்டுக்கலாம். கையில வேற எதுவும் இல்லாத தம்பதிக்கு இது நல்ல ஏற்பாடு. என் சர்வீஸ்ல நான் போட்டது ஒண்ணே ஒண்ணு, புள்ளை இல்லாத ஒரு ரிட்டயர்டு தம்பதிக்கு. மத்தவங்க எல்லாம் விசாரிச்சுட்டு ‘பையன் என்ன நினைப்பான்’னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. உங்க வரிசைல இது கடைசி.

முதியோர் ஹோம் பத்தி நீங்க கேக்கலை, அக்கா கேப்பாங்கன்னு நினைக்கிறேன். கோயமுத்தூர், சென்னைப் பக்கம் நிறைய வந்திருக்கு. போய்ப் பாத்தா மூணு கேள்வி கேளுங்க: நடமாட முடியாம ஆனா ரேட் எவ்வளவு ஏறும், மறதி வந்தா வெச்சுக்குவீங்களா இல்ல அழைச்சுட்டுப் போகச் சொல்வீங்களா, டெபாசிட் திரும்ப வருமா. ரெண்டாவது கேள்விக்கு இழுத்தாங்கன்னா வேற இடம் பாருங்க.

ஐசியூ பத்தி ஒரே ஒரு வார்த்தை. வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமான்னு புத்தி தெளிவா இருக்கும்போதே எழுதி வெக்கற உரிமை 2018 தீர்ப்புலயே வந்துடுச்சு, 2023-ல இன்னும் எளிமையாக்கிட்டாங்க, ரெண்டு சாட்சியும் நோட்டரி இல்ல கெசட்டட் ஆபீசர் கையெழுத்தும் போதும். இதைப் பணத்துக்காக பேசறதா யாரும் நெனச்சுடக் கூடாது, அப்பாவே ஆரம்பிச்சா மட்டும் பேசுங்க.

கோவப்படறாருன்னீங்க. பின்ன கோவம் வராதா, 72 வயசுல புள்ளை வந்து ‘உங்க எஃப்டி எவ்வளவு’ன்னு கேட்டா எந்த அப்பாவுக்கும் தன்னை ஓரங்கட்டற மாதிரித்தான் இருக்கும். நீங்க உங்க பேப்பரை எடுத்துட்டுப் போங்க. ‘எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவளுக்கு என்ன எங்க இருக்குன்னு தெரியாதுப்பா, உங்களை மாதிரி ஒரு நோட்டுப் போடணும், எப்படிப் போடறது சொல்லுங்க’ன்னு கேளுங்க. எங்க வீட்ல என் வீட்டுக்காரர் என் அப்பாகிட்ட இப்படித்தான் கேட்டார், மனுஷன் எந்திரிச்சுப் போய் பரண்லேர்ந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கி, நாலு மணி நேரம் ஒவ்வொரு ரசீதா காட்டினார், அதுல ஒண்ணு 1994-ல போட்டு மறந்தே போன, என் பேர்ல இருந்த ஒரு என்எஸ்சி, போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் பத்திரம். போகும்போது அக்காவையும் வரச் சொல்லுங்க, ஜாயின்ட் அக்கவுன்ட் ஃபார்ம் ரெண்டை முன்னாடியே பேங்க்ல வாங்கி பையில வெச்சுக்கோங்க, ரெண்டு பேரோட பான், ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் சேர்த்து, அவரே ‘சரி கொண்டா’ன்னு சொல்ற நிமிஷத்துல ஜெராக்ஸ் கடை தேடி ஓடக் கூடாது.